பக்கத்து லேப்தானே என்று விடுவதால் வரும் வம்பு

பெங்களூரு ஐஐஎஸ்சியில் (இந்திய அறிவியல் கழகத்தில்) வேதியியல் ஒரே துறையாக இல்லை. கரிம வேதியியல் தனி, கனிம, இயற்பிய வேதியியல் தனி, 1976இல் வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ் தொடங்கிய திண்மநிலைப் பிரிவு தனி. சாம்பிள் லேப்புக்கு லேப் நடந்துகொண்டே இருக்கும். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குள் பேச்சு மெஸ்ஸிலேயே முடிந்துவிடும்: "அண்ணா, ஒரு கிரிஸ்டல் பாத்துத் தர்றீங்களா?" "குடுத்துட்டுப் போ." எழுத்தில் ஒரு வரி கிடையாது.

முதல் சொதப்பல் கொடுக்கும் விதத்தில். எக்ஸ்-கதிரால் மூலக்கூறின் அமைப்பைப் பார்க்க வேண்டிய படிகத்தை (கிரிஸ்டலை) வடிகட்டி, உலர்த்திக் கொடுப்பார்கள். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் கொதிப்பதே 40 டிகிரியில். படிகத்துக்குள் அது இருந்தால், வெளியே எடுத்ததும் ஓடத் தொடங்கும். படிகம் வெளிறி விரிசல் விட்டால் அளக்க எதுவும் மிஞ்சாது. வளர்ந்த கரைசலோடேயே குப்பியை மூடி, பாராஃபில்ம் (இழுபடும் மெழுகுத் தாள்) சுற்றிக் கொடுங்கள். 0.1 முதல் 0.3 மி.மீ. அளவில் தெளிவாக ஒன்றிரண்டு இருந்தால் போதும். லேபிளில் "கே-3" என்று மட்டும் எழுதாதீர்கள். கரைப்பான்கள், எதிர்பார்க்கும் வாய்பாடு, தேதி, காற்றுப் பட்டால் கெடுமா என்பதும் வேண்டும். எக்ஸ்-கதிர் பார்ப்பது எலக்ட்ரான்களை: நைட்ரஜனுக்கு 7, ஆக்சிஜனுக்கு 8. வாய்பாடு தெரியாதவர் ஒன்றை மற்றொன்றாகப் போட்டுவிடலாம். எழுதுவதும் பென்சிலில், பேனா மை ஒரு சொட்டு அசிட்டோனுக்குத் தாங்காது.

வினையூக்கம் சோதிப்பவருக்குப் போகும் சாம்பிளில் எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பான் தங்கிவிடுவது இன்னொரு சொதப்பல். டியூட்டரோகுளோரோஃபார்மில் கரைத்து எடுத்த என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) ஸ்பெக்ட்ரத்தில் 4.12, 2.05, 1.26 பிபிஎம்மில் அதன் பீக் தெரிந்தும், "சால்வென்ட்தானே" என்று விட்டுவிடுவார்கள். அவர் எடை போடும் 10 மி.கி.யில் 1.5 மி.கி. கரைப்பான் என்றால், செறிவு 15 விழுக்காடு குறைவு. ஒரு மாத வேலை திரும்பவும் முதலிலிருந்து.

பெயர் விஷயம். வழக்கமான ஸ்பெக்ட்ரம் ஓட்டித் தந்தவருக்கு நன்றி போதும். சிக்கலான அமைப்போடு மல்லுக்கட்டித் தீர்த்து, விளக்கி எழுதியவர் பேப்பரின் ஆசிரியர்களில் ஒருவர். சண்டை வருவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் உதவியவர்களின் விஷயத்தில். முதல் சாம்பிளுக்கு முன்பே இரண்டு கைடுகளுக்கும் ஒரே மெயில் போய்விட வேண்டும்: யார் பெயர் எங்கே, எந்தப் பகுதி யார் தீசிஸில், காப்புரிமை எண்ணம் உண்டா. உண்டென்றால், விண்ணப்பிக்கும்வரை வெளியாட்கள் வரும் கருத்தரங்கில் போஸ்டர்கூட ஒட்டாதீர்கள்.

அளவீட்டு முடிவின் பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொள்வதும் வேண்டாம். என்எம்ஆருக்கு எஃப்ஐடி (பதிவான மூல சிக்னல்) ஃபோல்டர் முழுவதும், படிகத்துக்குச் சிஐஎஃப்போடு (தீர்த்த அமைப்பின் கோப்பு) எச்கேஎல் தரவும் (அளந்த மூல எண்கள்) அன்றைக்கே வாங்கி வையுங்கள். ரிவ்யூவர் கேட்கும் நேரத்தில் அளந்தவர் பட்டம் வாங்கிப் போயிருப்பார், லேப்டாப்போடு.