தவக்காலத்தைக் கடைப்பிடிக்கும் முறை: கோலாலம்பூர் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு

சாம்பல் புதன் முதல் பெரிய வியாழன் மாலைத் திருப்பலி வரையுள்ள தவக்காலம், இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்த 40 நாள்களை நினைவுகூர்ந்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாகும் காலமாகும். சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள்; ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளாகிய ஞாயிறு ஆறையும் கழித்துவிட்டால் கணக்கு சரியாகும்.

மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் ஈகை, இறைவேண்டல், நோன்பு ஆகிய மூன்றும் அதே வரிசையில் வருகின்றன. நம் வீடுகளிலோ நோன்பு மட்டுமே பெரிதாகப் பேசப்படுகிறது. கோழி தொடமாட்டேன் என்று சொல்வதோடு பலருக்குத் தவக்காலம் முடிந்துவிடுகிறது. வாயைக் கட்டி மிச்சப்படுத்தியது இன்னொருவர் தட்டுக்குப் போய்ச் சேராவிட்டால், அது சிக்கனமே தவிர நோன்பாகாது. 5-ஆம் நூற்றாண்டில் ரவென்னா நகரின் ஆயராயிருந்த புனித பேதுரு கிறிசோலோகு, இம்மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது என்றே போதித்தார். ஆகவே திட்டமிடும்போதே மூன்றையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

சென்ற ஆண்டுக் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொண்டுவந்த ஓலைச் சிலுவைகள், திருவுருவப் படத்தின் பின்னால் செருகப்பட்டுப் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருக்கும். அவற்றைக் குப்பையில் போடாமல், பங்கில் அறிவிக்கப்படும் நாளில் ஆலயத்தில் ஒப்படைக்க வேண்டும். சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலை அவற்றை எரித்தே தயாரிக்கிறார்கள். சாம்பல் புதன் இங்கே வேலை நாள் என்பதால், புடு புனித அந்தோனியார் ஆலயமோ உங்கள் சொந்தப் பங்கோ, திருப்பலி நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நெற்றியில் பூசிய சாம்பலோடு அலுவலகம் போகலாமா, துடைத்துவிடலாமா என்பதற்கு விதி எதுவும் இல்லை. நோன்பிருப்பது பிறர் கண்ணில் படாதபடி முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள் என்னும் நற்செய்திப் பகுதியைத்தான் அன்று வாசிக்கிறோம் என்பதால், துடைத்துக்கொள்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள். 18 வயது நிறைந்தவர்கள் 60-ஆம் வயது தொடங்கும் வரை, அந்த இரண்டு நாளும் ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணலாம்; மற்ற இரு வேளையும் சிறிதளவு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டின் அளவு வரக்கூடாது. தண்ணீருக்குத் தடையில்லை. இவ்விரு நாள்களிலும் தவக்காலத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளிலும், 14 வயது நிறைந்த அனைவரும் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வைராக்கியத்தால் பசியாறாமல் கிடப்பது பக்தியாகாது. அவர்கள் தே தாரிக்கில் சீனியையோ, இரவு நேரத் தொலைக்காட்சித் தொடரையோ விட்டுவிடலாம்.

வெளியில் சாப்பிடுபவர்கள் கொஞ்சம் விசாரித்துச் சாப்பிட வேண்டும். மீ சூப்பின் சாறு பெரும்பாலும் கோழி எலும்பில் கொதித்ததாகவே இருக்கும். சம்பலும் நெத்திலியும் முட்டையும் வைத்த சாதாரண நாசி லெமாக்கில் விதிப்படி தவறில்லை. முட்டையையும் ஒதுக்கும் வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு, அது அவரவர் விருப்பம். ஆனால் மீனுக்கு அனுமதி உண்டு என்பதற்காக, வெள்ளிக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் மீன் தலைக் கறியும் இறால் வறுவலும் வைத்து விருந்துண்பதைக் கேள்வி கேட்காமல் விடுவதற்கில்லை. சட்டம் மீறப்படவில்லை, நோன்பும் நடக்கவில்லை. ரசம், கீரை, ஒரு துண்டு மீன் போதும்.

மிச்சமாகும் பணத்தை அன்றன்றே தனியே எடுத்து வைப்பதுதான் இதில் மிகவும் முக்கியம். மதிய உணவுக்கு 12 ரிங்கிட் செலவழிப்பவர் 5 ரிங்கிட்டில் முடித்துக்கொண்டால், மீதி 7 ரிங்கிட்டை மாலையில் வீடு திரும்பியதும் உண்டியலில் போட வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஆறு வாரத்தில் 210 ரிங்கிட் சேரும். மாத முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தக் காசு கைப்பேசிக் கட்டணத்தில் கரைந்துவிடும். பழைய மைலோ டின்னில் துளையிட்டுச் சாப்பாட்டு மேசை மீது வைத்தால் பிள்ளைகளும் மறக்கமாட்டார்கள். சேர்ந்ததைப் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிடம் கொடுக்கலாம், அல்லது வாடகைக்குத் திண்டாடும் குடும்பம் ஒன்றை நீங்களே அறிந்திருந்தால், பெயர் வெளியே தெரியாமல் நேரடியாகச் சேர்ப்பிக்கலாம்.

வெள்ளிக்கிழமைகளில் பங்கில் நடக்கும், இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப் பாதைக்கு நெரிசலில் சிக்கி வர முடியாதவர்கள், வீட்டிலேயே 14 நிலைகளையும் குடும்பமாகச் செபிக்கலாம். நிலைக்கு ஒருவராகப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் திருத்தலத்துக்கு இக்காலத்தில் ஒரு சனிக்கிழமை போய்வருவதும் நல்லது. ஒப்புரவு அருட்சாதனத்தை (பாவசங்கீர்த்தனத்தை) உயிர்ப்புக்கு முந்திய புனித வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள், வரிசை நீண்டுவிடும்.

இந்நாட்டில் தவக்காலம் தனியாக வருவதில்லை. 2026-இல் சீனப் புத்தாண்டுக்கு மறுநாளே, பிப்ரவரி 18-ஆம் தேதி, சாம்பல் புதன் வந்தது. அதே வாரத்தில் ரமலானும் தொடங்கியது. சீனப் புத்தாண்டை முன்னிட்டு ஆயர்கள் விதிவிலக்கு வழங்கும் ஆண்டுகளும் உண்டு என்பதால், பங்கு அறிவிப்பைக் கேட்டுவிட்டு விருந்து அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். "உங்களுக்கும் புவாசாவா (நோன்பா)?" என்று மலாய்ச் சக ஊழியர் கேட்டால், ஆம் என்று சுருக்கமாகச் சொன்னால் போதும், விடியலிலிருந்து சொட்டு நீரும் பருகாமல் வேலை பார்ப்பவரிடம் நம் ஒருசந்தியை விவரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இதே நாள்களை லெந்து என்று அனுசரிக்கும் லூத்தரன், மெதடிஸ்டு உறவினர்களுக்கு இந்த உணவு விதிகள் கட்டாயமல்ல. அவர்களை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்தால், காரணத்தைச் சொல்லி மரக்கறி சமைத்துவிடலாம்.

பெரிய வெள்ளி சபா, சரவாக் மாநிலங்களில் மட்டுமே பொது விடுமுறை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பிற்பகல் 3 மணி வழிபாட்டுக்கு வர ஆண்டு விடுப்புதான் எடுக்க வேண்டும். சாம்பல் புதனன்றே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் பள்ளி உண்டு என்பதால், வகுப்பாசிரியரிடம் கடிதம் கொடுத்து அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.