உட்கரு பச்சையாகத் தெரிந்தால் போதாது: புரதத்தின் போக்குவரத்தைச் சோதிப்பது எப்படி

புரதத்தோடு பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி என்ற புரதத்தை ஒட்டி, செல்லுக்குள் செலுத்தி, மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் உட்கரு பச்சையாக ஒளிர்வதைப் பார்த்ததும் "உட்கருவுக்குப் போகும் சிக்னல் இருக்கிறது" என்று நோட்டில் எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். முதலில் இரண்டு புரதங்களின் எடையைக் கூட்டிப் பாருங்கள். உட்கருத் துளை சின்னப் புரதங்களைத் தடுப்பதில்லை, சுமார் 40 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை உள்ளவை தாமாகவே போய்வரும். ஜிஎஃப்பி 27. உங்கள் புரதம் 10 என்றால் மொத்தம் 37 தான், சிக்னலே இல்லாவிட்டாலும் உள்ளே கசியும். அந்த நிலையில் மூன்று ஜிஎஃப்பியை வரிசையாக ஒட்டிப் பெரிதாக்குங்கள், வெறும் மூன்று ஜிஎஃப்பியை மட்டும் இன்னொரு தட்டில் போட்டு ஒப்பிடுங்கள்.

அப்புறம் அமினோ அமில வரிசையைப் படியுங்கள். உட்கருவுக்குப் போகும் சிக்னல் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்: நேர்மின்னேற்றம் உள்ள லைசினும் ஆர்ஜினைனும் கொத்தாக நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜென் என்ற புரதத்தில் அந்தச் சிக்னல் ஏழே ஏழு அமினோ அமிலங்கள்: புரோலின், மூன்று லைசின், ஆர்ஜினைன், லைசின், வாலின். அதில் 128ஆம் இடத்து லைசின் ஒன்றை மாற்றினாலே அந்தப் புரதம் உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் தங்கிவிடுகிறது என்று 1984இலேயே காட்டிவிட்டார்கள். நியூக்ளியோபிளாஸ்மின் என்ற புரதத்தின் சிக்னலில் இரண்டு கொத்துகள், நடுவே 10 அமினோ அமிலங்கள். ஒரு கொத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிட வேண்டாம்.

இந்தக் கொத்தை இம்போர்ட்டின் ஆல்ஃபா என்ற கடத்திப் புரதம் பிடிக்கும், அதோடு சேர்ந்த இம்போர்ட்டின் பீட்டா துளை வழியே கூட்டிப்போகும். உள்ளே போனதும் குவனோசின் டிரைபாஸ்பேட் (ஜிடிபி) ஏறிய ரான் என்ற சின்னப் புரதம் பீட்டாவோடு ஒட்டிக்கொள்ள, சரக்கு இறங்கிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது திசை தெரியும் விதம்: ரானுக்கு அந்த டிரைபாஸ்பேட்டை ஏற்றிவிடும் ஆர்சிசி1 என்ற புரதம் குரோமாட்டினோடு (டிஎன்ஏவும் அதைச் சுற்றியுள்ள புரதங்களும்) ஒட்டி உள்ளே இருக்கிறது, அதை உடைக்க வைக்கும் ரான்கேப் என்ற புரதம் வெளியே இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, சோதனைக்கு வருவோம். லைசின்களை மின்னேற்றம் இல்லாத அலனினாக மாற்றுங்கள். உட்கரு வெளிறினால் அந்தக் கொத்து தேவை என்று தெரியும். அது மட்டுமே போதுமா என்று பார்க்க, அந்த ஏழெட்டு அமினோ அமிலங்களைப் பைருவேட் கைனேஸ் மாதிரி எப்போதும் வெளியே இருக்கும் பெரிய புரதத்தில் ஒட்டிப் பாருங்கள்.

உங்கள் புரதம் வெளியேதான் தெரிகிறதா? "உள்ளே போவதில்லை" என்று முடிவு கட்டாதீர்கள், போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருக்கலாம். லெப்டோமைசின் பி என்ற மருந்தைச் சில நானோமோலார் (மிகக் குறைந்த செறிவு) சேர்த்து ஓரிரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்; அது சிஆர்எம்1 என்ற ஏற்றுமதிப் புரதத்தின் 528ஆம் சிஸ்டைனில் ஒட்டி வாசலை அடைத்துவிடும். உட்கரு மெல்ல நிறைந்தால் புரதம் போய்வந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். நிறையாவிட்டாலும் வேறு எக்ஸ்போர்ட்டின் (ஏற்றுமதிப் புரதம்) வழியாக வெளியே போயிருக்கலாம். மருந்தைக் கரைத்த ஆல்கஹாலை மட்டும் ஊற்றிய தட்டும் பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

எண்ணும்போது கண்ணைக் கூசவைக்கும் செல்களையும், உருண்டு சுருங்கியவற்றையும் விட்டுவிடுங்கள். முதலாவதில் புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது, இரண்டாவது செத்துக்கொண்டிருக்கிறது. உட்கருவின் எல்லையை டிஎன்ஏவில் ஒட்டும் ஹோய்க்ஸ்ட் சாயத்தை வைத்துக் குறியுங்கள், எந்தப் படம் எந்தத் தட்டு என்று உங்களுக்குத் தெரியாதபடி படக் கோப்புகளின் பெயரை வேறொருவர் மாற்றித் தந்த பிறகு எண்ணுங்கள்.