பூவிலை பார்க்க வரும் கூட்டத்தை மூன்று மெஷினுக்குப் பங்கிடுவது

தோவாளைப் பூச்சந்தையின் அன்றாட விலையைக் காட்டும் சின்ன இணையதளம் ஒன்றை நாகர்கோவிலில் இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். சாதாரண நாளில் ஒரு சர்வரே தாங்கும். ஓணம் நெருங்கினால் தாங்காது. கேரளத்துக்கு லோடு போகும் அந்த நாள்களில் விடியுமுன்னே எல்லோரும் ஒரே நேரத்தில் விலை பார்ப்பார்கள். அதனால் பின்னால் மூன்று மெஷின், முன்னால் கூட்டத்தை அவற்றுக்குப் பங்கிடும் ஹெச்ஏபிராக்ஸி (HAProxy) என்ற மென்பொருள்.

ஒரு ஓணத்தின்போது அதன் கான்ஃபிக் கோப்பைக் கையால் திருத்தி ரீஸ்டார்ட் கொடுத்தேன். ஒரு வரியில் எழுத்துப்பிழை. ஹெச்ஏபிராக்ஸி எழும்பவே இல்லை. காலை நாலு மணிக்கு ஒரு வியாபாரி கூப்பிட்டார்: "தம்பி, வெல ஒண்ணும் காணல்லியே. பிச்சி என்ன ரேட்டு?" வாங்குகிறவர் எதிரே நிற்க, அவர் கையில் விலை இல்லை. அன்றைக்குப் பிறகு அந்தக் கோப்பை நான் தொட்டதில்லை. மெஷின்களைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் (Ansible) என்ற கருவிதான் எழுதுகிறது.

முதலில் இன்வென்டரி, அதாவது ஆன்சிபிள் கையாளும் மெஷின்களின் பட்டியல். அதில் ‘வெப்’ என்று ஒரு குழு வைத்து, ஒவ்வொரு மெஷினின் பெயரையும் உள் ஐபியையும் எழுதுங்கள். ஐபியை, ஆன்சிபிள் தானாகத் திரட்டும் மெஷின் விவரங்களான ஃபேக்ட்ஸிலிருந்து எடுக்காதீர்கள். ஆன்சிபிள் செய்யவேண்டிய வேலைகளை எழுதிய பிளேபுக்கை ஹெச்ஏபிராக்ஸி மெஷினில் மட்டும் ஓட்டும் நாளில் மற்ற மெஷின்களின் ஃபேக்ட்ஸ் கையில் இருக்காது, கோப்பு எழுதும் வேலை பாதியில் நின்றுவிடும்.

அடுத்து ஜின்ஜா டெம்ப்ளேட், அதாவது கான்ஃபிக் கோப்பை வார்க்கும் அச்சு. பின்னால் நிற்கும் மெஷின்களைச் சொல்லும் பேக்எண்ட் பகுதியில் சர்வர் வரிகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். ஒரு ‘ஃபார்’ லூப் போட்டு ‘வெப்’ குழுவைச் சுற்றவிடுங்கள். நாலாவது மெஷின் வந்தால் இன்வென்டரியில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

பங்கிடும் முறைக்கு எங்கள் ஊர்ப் பூக்கட்டுகிறவர்களைப் பாருங்கள். கை வேகமானவருக்கும் பழகுகிறவருக்கும் ஒரே அளவு பூ போட்டால் ஒருவர் சும்மா இருப்பார், மற்றவர் முன்னால் பூ வாடிக் கிடக்கும். மெஷினும் அப்படித்தான். விலைப் பக்கம் நொடியில் முடிகிற வேலை, அதற்கு முறைவைத்துக் கொடுக்கும் ரவுண்ட் ராபின் போதும். ஆனால் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்று காட்டும் வெயிட் கொடுங்கள். என் பழைய மெஷினுக்கு 50, மற்ற இரண்டுக்கும் 100. இந்த எண்ணும் இன்வென்டரியிலேயே இருக்கட்டும். நெடுநேரம் திறந்திருக்கும் இணைப்புகள் என்றால், இணைப்பு குறைவாக உள்ள மெஷினுக்கு அனுப்பும் லீஸ்ட்கான் நல்லது.

மெஷின் நலமா என்று சோதிக்கும் ஹெல்த் செக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சர்வர் வரியில் ‘செக்’ என்று மட்டும் போட்டால் போர்ட் திறக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும் மெஷினும் போர்ட்டைத் திறந்தேதான் வைத்திருக்கும். கூட்டத்தில் ஒரு பங்கு அங்கே போய் வெறும் பிழைப்பக்கத்தைப் பார்த்துத் திரும்பும். ஆகவே ‘ஆப்ஷன் ஹெச்டிடிபிசெக்’ சேர்த்து, அதற்கென்று ஒரு தனிப் பக்கம் எழுதுங்கள். என் மெஷின் ஒவ்வொன்றிலும் விலைப்பட்டியலின் நகல் உண்டு. அந்தப் பக்கம் அதில் பிச்சியின் வரியைப் படித்துப் பார்த்த பிறகுதான் ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 சொல்லும்.

இனி என்னைக் கவிழ்த்த இடம். ஆன்சிபிளின் டெம்ப்ளேட் மாட்யூலில் ‘வேலிடேட்’ என்று ஒரு வசதி உண்டு. அதில் ஹெச்ஏபிராக்ஸியின் சோதனைக் கட்டளையைக் கொடுங்கள். புதுக் கோப்பைத் தற்காலிக இடத்தில் வைத்துச் சோதிக்கும். பிழை இருந்தால் பழைய கோப்பு அப்படியே இருக்கும், சேவையும் ஓடிக்கொண்டிருக்கும். மாற்றத்துக்குப் பின் ஓடும் பணியான ஹேண்ட்லரில் ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் போடுங்கள். பழைய பிராசஸ் கையிலிருக்கும் இணைப்புகளை முடித்துவிட்டுப் போகும், புதியது புது இணைப்புகளை வாங்கிக்கொள்ளும். கோப்பு மாறினால் மட்டுமே ஹேண்ட்லர் ஓடும்.

ஓட்டுமுன் ஆன்சிபிளின் ‘செக்’, ‘டிஃப்’ இரண்டு ஆப்ஷனையும் சேர்த்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள். எந்த வரி மாறப்போகிறது என்று திரையில் தெரியும்.

ஓட்டி முடித்ததும், சந்தை ஓய்ந்த பகல் நேரத்தில் ஒரு மெஷினின் ஆப்பை வேண்டுமென்றே நிறுத்துங்கள். ஹெச்ஏபிராக்ஸியின் அமைப்பை மாற்றாமல் விட்டால் 2 நொடிக்கு ஒரு சோதனை, 3 முறை தவறினால் வெளியே. ஹெச்ஏபிராக்ஸி நிலவரம் காட்டும் ஸ்டாட்ஸ் பக்கத்தில் அந்த மெஷினின் வரி சிவப்பாக மாறும்வரை காத்திருந்து, பிறகு உங்கள் போனில் விலைப் பக்கத்தைத் திறந்து பிச்சி விலை வருகிறதா என்று பாருங்கள்.