பள்ளிப் பேருந்தை வீடாக்குகிறீர்களா? எஞ்சினுக்கு எந்த ஃபேன் என்று முடிவு செய்யும் முறை

கலிஃபோர்னியாவில் பேக்கர் என்று ஒரு சிற்றூர். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஐ-15 நெடுஞ்சாலையில் லாஸ் வேகஸ் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஊரில் 134 அடி உயர வெப்பமானி ஒன்று நிற்கிறது. பக்கத்து டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக அந்த உயரம். ஊரைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். 1,000 அடிக்கும் கீழே இருக்கும் சாலை, மவுண்டன் பாஸ் என்ற கணவாய் வருவதற்குள் 4,700 அடியைத் தாண்டிவிடும். எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏசியை அணையுங்கள் என்று சாலையோரப் பலகையே சொல்கிறது.

எங்கள் பேருந்து அந்த ஏற்றத்தில்தான் நின்றது. பின்பக்க எஞ்சின், 210 குதிரைத்திறன் டீசல். எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர், கம்பெனியில் வந்த பெரிய ஃபேனையும் அதன் பெல்ட் அமைப்பையும் கழற்றிவிட்டு, மூன்று மின்சார கார் ஃபேன்களைப் பொருத்தியிருந்தார். சமவெளியில் ஒரு குறையும் தெரியவில்லை. ஏற்றத்தில் பத்தே நிமிடத்தில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பிள்ளைகளை இறக்கி, பேருந்தின் நிழலில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்திருந்தோம். இந்த வேலையில் புதிதாக இறங்குகிற யாருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எஞ்சின் எங்கே, ரேடியேட்டர் எங்கே?

எஞ்சின் முன்னால் இருந்தால் பாதிக் கவலை குறைவு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். அசல் ஃபேனையும், அதைத் தேவைப்படும்போது மட்டும் சுற்றவைக்கும் கிளட்ச்சையும் சரிபார்த்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

பின்னால் எஞ்சின் என்றால் கதை வேறு. ரேடியேட்டர் பெரும்பாலும் பின்பக்கத்தில், பக்கவாட்டுச் சுவரில் இருக்கும். எதிர்க்காற்று அதன் முகத்தில் மோதாது, உரசிக்கொண்டு போய்விடும். எத்தனை வேகத்தில் போனாலும் காற்று முழுவதையும் ஃபேன்தான் இழுத்தாகவேண்டும். கீழே நான் சொல்வது முக்கியமாக இந்த வகை வண்டிகளுக்கு.

படி 2: எவ்வளவு காற்று வேண்டும்?

கடைக்குப் போகும் முன் இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுவிடுங்கள். 200 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 150 கிலோவாட். முழு பாரத்தில் அந்த எஞ்சின் 90 முதல் 100 கிலோவாட் வரை வெப்பத்தைக் கூலன்ட்டுக்குள் (எஞ்சினைச் சுற்றி ஓடி ரேடியேட்டரில் ஆறும் திரவம்) தள்ளும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.1 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஒரு கிலோஜூல் வேண்டும். ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 30 டிகிரி சூடாகிறது என்றால், 100-ஐ 33-ஆல் வகுத்தால் போதும். நொடிக்கு 3 கனமீட்டர் வருகிறது. அமெரிக்கக் கடைகளின் கணக்கில் இது நிமிடத்துக்கு 6,400 கனஅடி.

மலைக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் காற்று கிட்டத்தட்ட 3 சதவீதம் மெலிகிறது. கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடியில் இருக்கிறது. அங்கே போனால் ஃபேன் அதே அளவு காற்றை இழுத்தாலும், அது சுமந்து போகும் வெப்பம் கடற்கரையில் சுமப்பதில் முக்கால் பங்குகூட இருக்காது.

படி 3: வாங்கும் முன் கழுவுங்கள்

ரேடியேட்டருக்கும் டர்போ காற்றைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே உள்ள சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்க எஞ்சினில் எண்ணெய்ப் புகையும் சாலைத் தூசியும் சேர்ந்து அங்கே கம்பளிபோலப் படிந்திருக்கும். எங்கள் வண்டியில் அரை வாளி வந்தது. எண்ணெய் நீக்கும் திரவம் தெளித்து ஊறவிட்டு, ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துபோகும். தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), பெல்ட், ரேடியேட்டர் மூடி மூன்றையும் மாற்றிவிடுங்கள். சூடான மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

படி 4: மூன்று வழிகள்

முதலாவது, எஞ்சினே பெல்ட் அல்லது கியர் மூலம் சுற்றும் ஃபேன். கம்பெனி கொடுத்தது நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்திருங்கள் என்பேன். இரைச்சல் உண்டு. 15, 20 குதிரைத்திறனையும் தின்னும். ஆனால் பழுதாவதற்கு அதில் பொருள்கள் குறைவு. கிளட்ச் சேர்த்தால் தேவைப்படும்போது மட்டும் சுற்றும். காற்றழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் வாங்கினால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அழுத்தம் போய்விட்டால் ஃபேன் ஓடுமா, நிற்குமா? ஓடும் வகையை வாங்குங்கள்.

இரண்டாவது, மின்சார ஃபேன். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள், நாங்களும் இதில்தான் மாட்டினோம். நல்ல 16 அங்குல, 12 வோல்ட் ஃபேன் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 2,000 கனஅடி தரும், 20 ஆம்பியர் இழுக்கும். மூன்று போட்டால் 6,000 ஆகிறதே, கணக்கு சரிதானே என்று தோன்றும். அந்த 2,000 என்பது முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. கூலரும் தடித்த ரேடியேட்டரும் குறுக்கே வந்தால் பாதியாகக்கூட இறங்கிவிடும். இன்னொரு விதமாகவும் பாருங்கள். 60 ஆம்பியர், 12 வோல்ட் என்றால் 720 வாட், அதாவது ஒரு குதிரைத்திறன். கழற்றி எறிந்த ஃபேன் 15 குதிரைத்திறனில் செய்த வேலையை அது எப்படிச் செய்யும்? சில நகரப் பேருந்துகள் மின்சார ஃபேனில் ஓடுவது உண்மைதான். அவற்றில் 24 வோல்ட் அமைப்பும் பெரிய ஆல்டர்னேட்டரும், வரிசையாகப் பல ஃபேன்களும் இருக்கின்றன. கார் ஃபேனை அதனோடு ஒப்பிடவே கூடாது.

மூன்றாவது, ஹைட்ராலிக். எஞ்சினில் ஒரு எண்ணெய் பம்ப், ரேடியேட்டரில் ஒரு மோட்டார், நடுவே ஹோஸ். ரேடியேட்டர் எங்கே இருந்தாலும் ஃபேனை அங்கே கொண்டுபோகலாம் என்பதுதான் இதன் அருமை. அசல் பெல்ட் அமைப்பு தொலைந்துபோனதால் நாங்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். 2,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் நிமிடத்துக்கு 13 கேலன் எண்ணெய் ஓடினால் 15 குதிரைத்திறன் கிடைக்கும். அதில் கால் பங்குபோல எண்ணெயிலேயே சூடாகப் போய்விடும். அதனால் எண்ணெய்க்குத் தனிக் கூலரும், போதிய அளவு தொட்டியும் கட்டாயம். ஹோஸை டர்போ பக்கமோ சைலன்ஸர் பக்கமோ கொண்டுபோகாதீர்கள், கசிந்தால் தீப்பிடிக்கும். கசிவைக் கையால் தடவித் தேடவும் கூடாது. ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்கவேண்டி வரலாம். அட்டைத் துண்டால் தேடுங்கள்.

எதை எடுத்தாலும் ஃபேனின் வேகத்தைப் பாருங்கள். வேகம் பாதியானால் காற்றும் பாதி, ஆனால் தேவைப்படும் சக்தி எட்டில் ஒன்றுதான். பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்றுவது, சின்ன ஃபேனை வேகமாகச் சுற்றுவதைவிட எப்போதும் லாபம். இரைச்சலும் குறையும்.

படி 5: ஷ்ரவுட்

ரேடியேட்டரையும் ஃபேனையும் சேர்க்கும் தகரக் கூடுதான் ஷ்ரவுட். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். ரேடியேட்டரின் முழு முகத்தையும் அது மூடவேண்டும். இழுக்கும் ஃபேனாக இருந்தால் இறக்கையின் அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கூட்டுக்குள் இருக்கட்டும். இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே எவ்வளவு சந்து என்பதுதான் முக்கியம். ஃபேன் எஞ்சினிலும் ஷ்ரவுட் ரேடியேட்டரிலும் இருந்தால், எஞ்சின் குலுங்குவதற்கு ஒரு அங்குலமாவது விட்டாகவேண்டும். ஹைட்ராலிக் மோட்டாரை ஷ்ரவுட்டிலேயே பூட்டினால் இரண்டும் சேர்ந்தே அசையும், அரை அங்குலம் போதும். எங்களுக்கு இதில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது.

காற்று தப்பான பக்கம் போகிறது என்று ஃபேனைத் திருப்பி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றும் திசை மாறாதவரை காற்றின் திசையும் மாறாது, திறன்தான் குறையும். எதிர்த்திசை இறக்கை உள்ள ஃபேனை வாங்கவேண்டும்.

அப்புறம் ஒரு டிஷ்யூ தாளை நீளவாக்கில் கிழித்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஓடும்போது வெளியே நின்று, கிரில்லின் நான்கு ஓரங்களிலும் அதைப் பிடித்துப் பாருங்கள், உள்ளே கை விடாமல். நல்ல இடத்தில் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வண்டியின் மேல் ஓரத்தில் அது வெளிப்பக்கமாகப் படபடத்தது, தொட்டால் வெதுவெதுப்பு. எஞ்சின் அறையின் சூடான காற்று இரண்டு விரல் சந்து வழியே திரும்பி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. ரப்பர் பட்டையும் தகரமும் வைத்து அடைத்தோம். காற்று வெளியேறும் வழியையும் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் இடம் கிடைக்கிறதே என்று எஞ்சின் அறையின் கீழ்ப்பக்கத்தைப் பெட்டிகளால் மூடிவிட்டால், உள்ளே வந்த காற்று எங்கே போகும்?

படி 6: எப்போது ஓடவேண்டும்?

தெர்மோஸ்டாட் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டில் திறக்கிறது என்றால் ஃபேன் 195-இல் தொடங்கட்டும், எச்சரிக்கை மணி 215-இல் அடிக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி சென்ஸார் வையுங்கள். எஞ்சினில் ஓடும் ஏசியின் கன்டென்சரோ (சூட்டை வெளியே தள்ளும் பகுதி) கியர்பாக்ஸ் எண்ணெய்க் கூலரோ ரேடியேட்டருக்கு முன்னால் இருந்தால், அந்தச் சூட்டையும் கணக்கில் சேருங்கள்.

படி 7: ஏற்றத்தில் சோதனை

வீட்டு வாசலில் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, எஞ்சினுக்குப் பாரம் வேண்டும். முள் ஏற ஆரம்பித்தால் கியரைக் குறையுங்கள். எஞ்சின் சுற்று கூடும்போது வாட்டர் பம்பும், ஹைட்ராலிக் பம்ப்பால் ஓடும் ஃபேனும் சேர்ந்தே வேகமெடுக்கும்.

அடுத்த ஆகஸ்டில் மறுபடி பேக்கர் வழியே போனோம். ஏசியை அணைத்துவிட்டு, மூன்றாவது கியரில். ஃபேன் அணைந்து அணைந்து ஓடியது, முள் 203-ஐத் தாண்டவில்லை. உச்சியில் ஓரங்கட்டி, எஞ்சினை ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, அட்டைத் துண்டோடு பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு ஹோஸ் இணைப்பில் எண்ணெய் ஈரம். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கினேன்.