விடாத மழையில் வீட்டுக் காய்கறி: முதலில் வேருக்குக் காற்று

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வரும். ஜூனில் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் வெயிலில்தான் காய்கறி காய்த்துத் தள்ளும். அந்த வெயில் இல்லாமல் இரண்டு மழையும் ஒட்டிக்கொள்ளும் வருஷத்தில் மார்த்தாண்டம், திருவட்டாறு, குலசேகரம் பக்கத்து விளைகளில் (தோட்டங்களில்) ஒரு காட்சியைப் பார்க்கலாம். மண் சொதசொதவென்று கிடக்கும், செடியோ தண்ணீரே காணாததுபோல் இலையைத் தொங்கப்போட்டு நிற்கும். அதைப் பார்த்து இன்னொரு வாளி ஊற்றுகிறவர்களும் உண்டு. மண்ணில் காற்று இருந்த இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேருக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டிய வேரால் பக்கத்தில் நிற்கிற தண்ணீரைக்கூட உறிஞ்ச முடியாது. அழுகல் நோய் அதற்குப் பிறகு வருவது. ஆகவே மருந்து தேடும் முன் வடிகாலைப் பாருங்கள்.

பையில் வளர்ப்பவர்கள் முதலில் கலவையை மாற்ற வேண்டும். மண், தென்னை நார்க்கழிவு, தொழுவுரம் சம பங்கு என்பது வெயில் காலத்துக் கணக்கு. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். இந்த மழைக்கு அதுவே எமன். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு மக்கிய சாணம் என்று எடுங்கள். எம்-சாண்ட் போடுவதானால் தூளைச் சலித்துக் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் மண் சிமென்ட் மாதிரி இறுகும். பையின் அடியில் ஜல்லியோ கதம்பையோ (தேங்காய் மட்டை) போட்டால் தண்ணீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். வடியாது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து நிறைந்த பிறகே தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். அதுவரை வேர் இருக்கும் இடத்திலேயே தேங்கும். கதம்பை அதைவிட மோசம், ஊறி ஊறி ஈரத்தைக் காத்து வைக்கும். அதற்குப் பதில் பையின் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில், பென்சில் பருமனில் எட்டு ஓட்டை போடுங்கள். பையை இரண்டு செங்கல் மேல், நடுவில் இடைவெளி விட்டு வையுங்கள். மொட்டை மாடியின் தரையில் பை பதிந்து உட்கார்ந்தால் அடி ஓட்டை அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பக்கத்துச் செம்புரை மண் ஏற்கெனவே புளிப்பு. மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போகப் போகப் புளிப்பு இன்னும் ஏறும். 10 கிலோ மண்ணுக்கு 50 கிராம் நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பு, தரையில் என்றால் சென்டுக்கு 2 முதல் 3 கிலோ. மண்ணையும் மணலையும் சுண்ணாம்போடு கலந்து, லேசாக நனைத்து, மழை படாமல் மூடி 15 நாள் விட்ட பிறகுதான் சாணம் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் மூக்கைத் துளைக்கும் வாடை வரும். சாணத்தின் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போவதுதான் அந்த வாடை.

அந்தச் சாணத்திலேயே, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைக்கோடெர்மாவைப் பெருக்கி வைத்துக்கொள்ளலாம். காய்ந்து பொடிந்த சாணம் 9 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ, ட்ரைக்கோடெர்மா 100 கிராம். புட்டுக்கு மாவு நனைக்கிற பதத்தில் தண்ணீர் தெளியுங்கள்: பிடித்தால் பிடிபட வேண்டும், சொட்டக் கூடாது. ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்து, ஒரு வாரத்தில் ஒருமுறை கிளறி, இரண்டு வாரத்தில் பைக்கு இரண்டு கைப்பிடி போடலாம். சுண்ணாம்போ தாமிர மருந்தோ இதோடு சேரக் கூடாது.

தரையில் நடுபவர்களுக்கு மேட்டுப்பாத்தி: மூன்றடி அகலம், ஒரு அடி உயரம், இடையில் ஒரு அடி வாய்க்கால். வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதைப் பாத்தி போடும் முன்பே பார்த்துவிடுங்கள். கூரைத் தண்ணீரையும் மறக்க வேண்டாம். 100 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் இறங்கும். அது பாத்தியில் விழுந்தால் மேடெல்லாம் ஒரே ராத்திரியில் கரையும்.

மழைமறை போடுவதானால் புறஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தெளிவான ஷீட் போதும். நீலத் தார்ப்பாய் வேண்டாம், மேகத்தில் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு. நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை வரும். கூரைக்கு நல்ல சரிவு வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சாண் தண்ணீர் குழிந்து நின்றாலே 200 கிலோவை நெருங்கும், மூங்கில் தாங்காது.

எதை நடலாம்? வெண்டை, மிளகாய், வழுதலை (கத்தரி), கொடிப்பயறு, கோவை, சேம்பு, பசலை, தவசி முருங்கை. தக்காளியும் கொத்தமல்லியும் மழைமறைக்குள் மட்டும். சிவப்புக் கீரைக்கு இலையில் வெளுத்த திட்டு விழுந்து ஓட்டை ஓட்டையாகும். பச்சைக் கீரை தாங்கும். திட்டு கண்டால் 10 லிட்டர் தண்ணீரில் பால்க்காயம் (பால் பெருங்காயம்) 40 கிராம், மஞ்சள்தூள் 32 கிராம், ஆப்பச்சோடா 8 கிராம் கரைத்துத் தெளியுங்கள். கீரைக்கு வாளியால் மேலிருந்து ஊற்றாதீர்கள், மண் தெறித்துத்தான் நோய் ஏறுகிறது.

வழுதலையும் தக்காளியும் மிளகாயும் ஒரு நாள் பச்சையாகவே சாய்ந்தால் சந்தேகப்பட வேண்டியது பாக்டீரியா வாடல். தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் நனையும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிஷத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அதுவேதான். அதற்கு மருந்து கிடையாது. செடியை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணில் அடுத்து பயறோ வெண்டையோ போடுங்கள், வெட்டிய கத்தியைக் கழுவுங்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகங்களில் வழுதலையில் ஹரிதா, சூர்யா, தக்காளியில் அனகா, மிளகாயில் உஜ்வலா ஆகியவை இந்த வாடலைத் தாங்குபவை. சுண்டை வேரில் ஒட்டுக் கட்டிய வழுதலையும் நன்றாக நிற்கும்.

நாற்று கழுத்து கருத்து மடிந்தால் அடர்த்தியாக விதைத்த ஈர நாற்றில் பூஞ்சை பிடித்ததுதான் காரணம். குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை போட்டு இறவாணத்துக்கு (கூரை ஓரத்துக்கு) உள்ளே வையுங்கள். பிறகு லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நல்ல பாக்டீரியா) கரைத்து வேரில் ஊற்றலாம்.

உரத்தை மொத்தமாகக் கொட்டினால் ஓடையில்தான் சேரும். பச்சைச் சாணம் 1 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, 10 நாளுக்கு ஒருமுறை, மழை விட்ட நேரம் பார்த்துக் கொடுங்கள்.

பாகல் பூத்தும் காய்க்கவில்லை என்றால் தேனீ வராத கோளாறு. காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வையுங்கள். புடலையும் சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரிபவை, அவற்றுக்கு அந்திதான் நேரம்.

ஆப்பிரிக்க நத்தைக்கு ஈரச் சாக்குக்கு அடியில் பப்பாளி இலை வைத்தால் ராத்திரியில் கூடும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். அதன் சளியில் மனிதருக்கு மூளைக்காய்ச்சல் தரும் புழு இருக்கலாம். உப்பை மண்ணில் தூவ வேண்டாம்.

மழை விட்டு முதல் வெயில் அடிக்கும் நாள் கவனம். வேர் குறைந்திருக்கும் செடி அந்தச் சூட்டில் துவளும். இரண்டு நாள் தென்னை ஓலை சாய்த்து நிழல் கொடுங்கள். மண் கையில் உதிரும் பதம் வரும்வரை பாத்தியில் மிதிக்காதீர்கள், அதன் பிறகு கொத்தி மேலேட்டைப் பிளந்து விடுங்கள்.