முதல் லோகோ செய்வது எப்படி: பென்சில் கோடு முதல் ஒப்படைக்கும் கோப்பு வரை

பிராண்ட் டிசைனரின் வேலை நாளில் வரைவதற்குப் போகும் நேரம் குறைவு. கேட்பது, பார்த்துச் சேகரிப்பது, வரைந்ததைச் சோதிப்பது, கோப்புகளைப் பிரித்துக் கொடுப்பது ஆகியவையே பெரும்பகுதியைச் சாப்பிடும். இந்தத் துறைக்குப் புதிதாக வந்து முதல் லோகோவில் கை வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பென் டூல், லேயர், பாத் எல்லாம் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எங்கே வரப்போகிறது என்று கேளுங்கள்

"உங்களுக்குப் பிடித்த கலர் என்ன?" என்று தொடங்க வேண்டாம். லோகோ எங்கெல்லாம் வரும் என்று கேட்டுப் பட்டியல் போடுங்கள்: போன் ஐகான், பில், ரப்பர் ஸ்டாம்ப், சட்டை எம்பிராய்டரி, வண்டிக் கதவு, பெயர்ப் பலகை. பிறகு அந்தப் பட்டியலில் இரண்டைச் சுற்றி வட்டம் போடுங்கள். மிகச் சிறிய அளவு எது? மிக மோசமாக அச்சாகும் இடம் எது? இந்த இரண்டிலும் நின்றுவிட்டால் மற்ற இடங்களில் லோகோ தானாக நிற்கும்.

2. பார்ப்பதற்கு வேறு இடம் தேடுங்கள்

லோகோ தொகுப்புத் தளங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், ஏற்கெனவே பத்துப் பேர் செய்த லோகோவின் பதினோராவது நகல்தான் கையில் வரும். நாணயம், தபால்தலை, வரைபடக் குறிகள், சாலைக் குறியீடு, பழைய சரக்குப் பெட்டிகளில் குத்திய முத்திரை போன்றவற்றைப் பாருங்கள். இவை சின்ன இடத்தில், குறைந்த வண்ணத்தில், தேய்ந்த பிறகும் தெரிய வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறந்தவை. பிரிட்டனில் 1876-ல் முதலாவதாகப் பதிவான வணிகச் சின்னம் பாஸ் மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். அதில் கண்ணில் நிற்பது அந்த எளிய முக்கோணம்தான்.

படத்தைச் சேமித்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "இறகே இல்லை, மூன்று கோடு, ஆனாலும் பறவை" என்பது போல. காரணம் எழுத வராத படத்தைத் தூக்கிவிடுங்கள். அது அழகாக இருந்ததால் மட்டும் உள்ளே வந்தது.

வெற்றிடத்தையும் பார்க்கப் பழகுங்கள். டிசைனர் லிண்டன் லீடர் 1994-ல் செய்த ஃபெடெக்ஸ் லோகோவில் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஓர் அம்பு இருக்கிறது. அதைத் தனியாக வரைந்து ஒட்டவில்லை. எழுத்தின் உயரத்தையும் இடைவெளியையும் திருத்தித் திருத்தி அந்த வெள்ளை இடம் அம்பாக வந்தது.

3. தடித்த மார்க்கரில் வரையுங்கள்

தாளில் 3 செ.மீ. கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு யோசனை. முனை தடித்த மார்க்கர்தான் நல்லது. நுணுக்கம் சேர்க்க அது இடம் தராது. முதலில் வரும் ஏழெட்டு யோசனைகள் எல்லோருக்கும் தோன்றுபவை. அவற்றைத் தாண்டி வரையுங்கள்.

4. வெக்டர்: கறுப்பில் மட்டும்

வெக்டர் என்றால் புள்ளிகளாலும் வளைவுகளாலும் ஆன, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வடிவம். படத்தை ஸ்கேன் செய்து, மென்பொருளே கோடு போடும் ஆட்டோ ட்ரேஸ் கொடுக்க வேண்டாம். தேவையே இல்லாத புள்ளிகள் நூற்றுக்கணக்கில் வரும், வளைவுகள் நெளியும், பிறகு திருத்தவே முடியாது. பென் டூலால் நீங்களே வரையுங்கள். வளைவின் மேல், கீழ், இடது, வலது உச்சிகளில் மட்டும் புள்ளி வையுங்கள். ஹேண்டில்கள் நேர் கிடையாகவோ நேர் செங்குத்தாகவோ இருக்கட்டும்.

அலைன் பட்டனை முழுதாக நம்ப வேண்டாம். ஒரே உயரமுள்ள சதுரத்தையும் வட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் வட்டம் சிறியதாகத் தெரியும். மேலும் கீழும் சுமார் 1 முதல் 3 சதவீதம் வெளியே தள்ளுங்கள். வட்டத்துக்குள் முக்கோணம் வைத்தால் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் நடுவை மையமாக எடுக்கக் கூடாது. முக்கோணத்தின் ஈர்ப்பு மையம் அடிப்பக்கத்திலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. அந்தப் புள்ளி வட்டத்தின் மையத்தில் விழ வேண்டும்.

5. சுருக்குங்கள், தலைகீழாக்குங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இந்தப் படியில்தான். திரையில் பெரிதாக்கி வரையும்போது எல்லாமே நன்றாக இருக்கும். அதே லோகோ பிரவுசர் டேபில் 16 பிக்சலுக்குள் போனதும் சாம்பல் பூசணமாகத் தெரியும்.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 48 அலகு கட்டத்தில் வட்டத்துக்குள் ஓர் இலை வரைந்திருக்கிறீர்கள். இலை நரம்புகள் 1 அலகு தடிமன். 16 பிக்சலுக்குச் சுருக்கும்போது 3 அலகு சேர்ந்துதான் ஒரு பிக்சல். நரம்புக்குக் கிடைப்பது பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு. திரையால் அதைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ காட்ட முடியாது, நடுவாந்தரமாகச் சாம்பல் போட்டு மழுப்பிவிடும். அந்த அளவில் 3 அலகுக்குக் கீழே உள்ள கோடும் இடைவெளியும் இல்லாததற்குச் சமம்.

முழு லோகோவையும் தடிமனாக்குவது இதற்குத் தீர்வாகாது. சிறிய அளவுக்கென்று தனி வடிவம் வரையுங்கள்: பக்க நரம்புகளை எடுத்துவிடுங்கள், நடு நரம்பை மட்டும் 4 அலகு வெட்டாக வையுங்கள், வட்டத்துக்கும் இலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அகலமாக்குங்கள். அச்சுக்கு 10 மி.மீ. அகலத்தில் லேசர் பிரிண்ட் எடுத்து, அதை ஒருமுறை ஜெராக்ஸ் போட்டுப் பாருங்கள். அடைத்துக்கொண்ட இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். கோட்டுக்குக் குறைந்தது 0.25 மி.மீ., கறுப்புக்குள் வரும் வெள்ளைக் கோட்டுக்கு 0.4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

நாசாவிடம் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1959-ல் வந்த வட்டச் சின்னத்தில் நட்சத்திரங்கள், சுற்றுப்பாதை, இறக்கை என்று நிறைய இருந்தன. 1975-ல் டிசைனர்கள் டேன், பிளாக்பர்ன் இருவரும் ஒரே தடிமனில் வளைந்து ஓடும் நான்கு எழுத்துகளாக அதைக் குறைத்தார்கள். 1992-ல் பழைய சின்னம் திரும்பியது. ஆனாலும் 2020-ல் ராக்கெட்டின் பக்கவாட்டில் எழுத நாசா அந்தச் சிவப்பு எழுத்துகளைத்தான் மறுபடி எடுத்தது.

அடுத்தது தலைகீழ் வடிவம். கறுப்பை வெள்ளையாக மாற்றியதோடு வேலை முடிவதில்லை. அடர் பின்னணியில் வெள்ளை பருத்துத் தெரியும், அதனால் தடிமனை 2 முதல் 4 சதவீதம் குறைத்துத் தனிக் கோப்பாக வையுங்கள். லோகோவில் முகமோ நிழலோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நிறத்தை அப்படியே புரட்டினால் பிலிம் நெகட்டிவ் போலக் கண் வெளுத்து, நிழல் ஒளிரும். வெளிச்சம் விழும் பகுதி எப்போதும் வெளிச்சமாகவே இருக்கும்படி மறுபடி வரைய வேண்டும்.

6. இப்போதுதான் வண்ணம்

அச்சு வண்ணத்தை முதலில் முடிவு செய்து, பிறகு திரை வண்ணத்தைப் பொருத்துங்கள். பலரும் மாற்றித்தான் செய்கிறார்கள். ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்) 0, 0, 255 என்ற பளீர் நீலம் நான்கு மை அச்சில் (சிஎம்ஒய்கே: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) கிடையாது. மென்பொருளிடம் மாற்றச் சொன்னால் சயானும் மெஜந்தாவும் ஏறத்தாழ சமமாக ஏறி, தாளில் கத்தரிப்பூ நிறமாக வரும். நீலம் நீலமாக வர மெஜந்தாவை சயானைவிடக் குறைந்தது 30 சதவீதம் கீழே வையுங்கள்: சயான் 100, மெஜந்தா 65 நல்ல தொடக்கம்.

சிறிய எழுத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் கறுப்பு மை 100 மட்டும் போதும். நான்கு மையும் சேர்த்தால் அச்சுத் தகடு துளி விலகினாலும் ஓரத்தில் வண்ண நிழல் தெரியும். பெரிய கறுப்புப் பரப்புக்கு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற வரிசையில் 60, 40, 40, 100 கலவை ஆழமாக இருக்கும்.

திரையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்பது இணைய அணுகல் விதி. லோகோவுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அதே பிராண்ட் வண்ணம் நாளைக்கு பட்டனிலும் தலைப்பிலும் வரும், அங்கே விலக்கு இல்லை. 255, 165, 0 என்ற ஆரஞ்சு மேல் வெள்ளை எழுத்து வைத்தால் விகிதம் ஏறத்தாழ 2 தான். அந்த ஆரஞ்சோடு எழுத்துக்கென்று ஓர் அடர் நிறத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

7. கோப்புகள்

எழுத்துகளை அவுட்லைனாகவும், ஸ்ட்ரோக்குகளைப் பாத்தாகவும் மாற்றுங்கள். இலவச வெக்டர் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் முதலாவதுக்கு கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி, இரண்டாவதுக்கு கண்ட்ரோல் + ஆல்ட் + சி. மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். ஸ்ட்ரோக்கை மாற்றாமல் அனுப்பினால், யாரோ லோகோவைச் சுருக்கும்போது கோடு மட்டும் சுருங்காமல் நின்று எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

திரை, அச்சு என்று இரண்டு ஃபோல்டர். திரைக்கு எஸ்விஜியும், பின்னணியில்லாத 2000 பிக்சல் அகல பிஎன்ஜியும், அச்சுக்கு பிடிஎஃப். ஒவ்வொன்றிலும் வண்ணம், கறுப்பு, வெள்ளை. ஜேபெக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெள்ளைப் பெட்டியோடு எங்காவது ஒட்டிவிடுவார்கள். ஆப் ஐகானை 512 பிக்சலில் கொடுங்கள். போன்கள் ஓரத்தை வெவ்வேறு விதமாக வெட்டும், அதனால் முக்கியமானதை 80 சதவீத விட்டமுள்ள வட்டத்துக்குள் அடக்குங்கள்.

கருவி என்று கேட்டால், தொடங்குபவருக்கு இங்க்ஸ்கேப் தாராளம். 1.4 பதிப்பு வரை சிஎம்ஒய்கே பிடிஎஃப் அதில் நேரடியாக வராது. அந்தக் கடைசி வேலையை மட்டும் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் முடிக்கலாம், அல்லது இல்லஸ்ட்ரேட்டரில்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

*இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் உடைகிறது.* கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் பிழை ஃபான்டில் இல்லை. பிரிஃபரன்ஸில் டைப் பகுதியில் இண்டிக் விருப்பங்களை இயக்கி, பாராகிராப் பேனலில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். அவுட்லைன் ஆக்கிய பிறகு ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

*அச்சகம் பேன்டோன் எண் கேட்கிறது.* பேன்டோன் என்பது தயாராகக் கலந்த மைகளுக்கு எண் கொடுக்கும் முறை. எண்ணுக்குப் பின்னால் வரும் சி பளபளப்புத் தாளுக்கு, யூ பூச்சில்லாத தாளுக்கு. மை ஒன்றுதான், தாள் மாறுவதால் நிறம் மாறித் தெரிகிறது. எண்ணோடு சிஎம்ஒய்கே, ஆர்ஜிபி மதிப்புகளையும் எழுதிக் கொடுங்கள். 2022 இறுதியில் அடோபி மென்பொருள்களிலிருந்து பேன்டோன் தொகுப்புகளில் பெரும்பாலானவை விலகிவிட்டன, எண் மட்டும் இருந்தால் எல்லோராலும் திறந்து பார்க்க முடியாது.

*எம்பிராய்டரிக்கு எதை அனுப்புவது?* வெக்டர் கோப்பை அனுப்புங்கள். தையல் கோப்பாக மாற்றுவது அவர்கள் வேலை. கிரேடியன்ட் வராது. 5 மி.மீ. உயரத்துக்குக் கீழே உள்ள எழுத்து நூலில் மூடிக்கொள்ளும். டேக்லைனை எடுத்துவிட்டு, ஐந்தாம் படியில் செய்த சிறிய அளவு வடிவத்தையே அனுப்புங்கள்.