மலையில் வார்த்துச் சமவெளிக்கு அனுப்பும் தேன்மெழுகுப் பரிசுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், கோயம்புத்தூரில் இருக்கும் என் அத்தைக்குப் பித்தவெடிப்புக்கான தேன்மெழுகுக் களிம்பை நான்கு டப்பாக்களில் அடைத்துக் கொடுத்தனுப்பினேன். கோத்தகிரியில் என் சமையலறை மேடையில் விரலை அழுத்தினாலும் பதியாத அளவுக்கு இறுகியிருந்த அந்தக் களிம்பு, மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் எண்ணெயாகி, உடன் வைத்திருந்த சேலையையும் நனைத்துவிட்டது. மலையில் செய்யும் பொருளை அது பயன்படப் போகும் ஊரின் வெயிலை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டும் என்பதை அன்று கற்றேன். ஒரே மெழுகுக் கட்டியிலிருந்து செய்யக்கூடிய கிளாஸ் மெழுகுவத்தி, களிம்பு ஆகிய இரண்டையும் அந்தக் கணக்கோடு இங்கே விளக்குகிறேன்.

நீலகிரியில் தேன்மெழுகுக்குப் பஞ்சமில்லை. குறும்பர்களும் இருளர்களும் பாறை முகடுகளிலும் உயர்ந்த மரங்களிலும் மலைத்தேனீயின் பெரிய அடைகளை எடுக்கிறார்கள். தேனைப் பிழிந்த பின் எஞ்சும் அடையை உருக்கினால் மெழுகு கிடைக்கிறது. கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை நெடுங்காலமாக இம்மக்களோடு பணியாற்றி வருவதால், தேனும் மெழுகும் இங்குள்ள கடைகளில் எளிதாக அகப்படுகின்றன. வாங்கும்போது கட்டியின் ஒரு முனையை உடைத்துப் பார்ப்பது நல்லது. சுத்தமான தேன்மெழுகின் உடைந்த முகம் மங்கலாகவும் மணல்மணலாகவும் இருக்கும். சிறு துண்டை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் சற்று நேரத்தில் குழைந்து, தேன் வாசம் வீசும்.

கடையில் வாங்கிய மெழுகு பெரும்பாலும் வடிகட்டியதாகவே இருக்கும். தேனெடுப்பவரிடமிருந்து நேரடியாக வாங்கினால் அதில் சக்கையும் இறகுத் துணுக்குகளும் கலந்திருக்கும் என்பதால், முதலில் தண்ணீரோடு சேர்த்து மெதுவாகச் சூடாக்கி, பழைய பருத்தி வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். இதற்கு மழைநீர் மிகவும் ஏற்றது. சுண்ணாம்பு மிகுந்த உப்புத் தண்ணீரில் மெழுகு தெளியாமல் குழம்பிவிடும். இரும்பும் செம்பும் மெழுகின் நிறத்தைக் கெடுக்குமாதலால் எவர்சில்வர் பாத்திரமே போதும். வடிகட்டியதைக் கம்பளியால் சுற்றி இரவு முழுவதும் ஆறவிட்டால், மெழுகு மேலே ஒரு வட்டாக மிதந்து இறுகியிருக்கும். அதன் அடிப்புறத்தில் படிந்த அழுக்கைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

மெழுகை எக்காரணம் கொண்டும் நேரடித் தீயில் உருக்கக் கூடாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகு உள்ள சிறு பாத்திரத்தை இறக்கி உருக்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. 85 டிகிரியைத் தாண்டினால் அதன் நிறம் கறுக்கத் தொடங்கும். இங்கே மலை நமக்குக் கொஞ்சம் துணை செய்கிறது: சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், சமவெளியில் நேர்வது போல மெழுகு அளவுக்கு மீறிக் காய்வதில்லை. இருந்தாலும் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிடாமல், ஆவி பறக்கும் நிலையில் அடுப்பைத் தணித்து வைப்பதே முறை. தவறிப்போய் மெழுகில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூடிவிட வேண்டும். மிஞ்சிய மெழுகைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

மெழுகுவத்திக்கு நான் பயன்படுத்துவது டீக்கடையில் காணும் தடித்த கண்ணாடிக் கிளாஸ். 100 மில்லி கொள்ளும் கிளாசில் முக்கால் பங்கு நிரப்ப 70 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான மெழுகு தேவைப்படும். திரிக்குப் பூக்கட்டும் பருத்தி நூல் போதுமானது. ஆனால் இப்போது நைலான் கலந்த நூலும் விற்பதால், நுனியைக் கொளுத்திப் பார்த்து, உருண்டு கட்டியாகாமல் சாம்பலாகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒன்பது இழைகளை மும்மூன்றாகப் பிரித்துச் சடை பின்னுவது போலப் பின்னி, உருகிய மெழுகில் முக்கி, நேராக இழுத்துப் பிடித்து ஆறவிட வேண்டும். நூலின் கனம் கடைக்குக் கடை மாறும் என்பதால், முதல் கிளாசை அன்பளிப்பாகத் தராமல் வீட்டிலேயே ஏற்றிப் பார்ப்பது அவசியம். சுடர் மெழுகுக் குளத்தில் மூழ்கி அணைந்தால் திரியைப் பருமனாக்க வேண்டும். புகைந்தால் மெலிதாக்க வேண்டும்.

வார்ப்பதில்தான் எங்கள் ஊர்க் குளிர் தொல்லை தருகிறது. மார்கழிக் காலையில் சில்லென்றிருக்கும் கிளாசில் சூடான மெழுகை ஊற்றினால், ஓரத்தில் இருக்கும் மெழுகு உடனே இறுகிச் சுவரை விட்டு விலகிவிடும். நடுப்பகுதி பிறகு சுருங்குவதால் மேலே நட்சத்திரம் போலப் பிளவு விழும். இதைத் தவிர்க்க, கிளாசை வெந்நீரில் வைத்து எடுத்து, ஈரம் சிறிதும் இல்லாமல் துடைக்க வேண்டும். ஒரு சொட்டு மெழுகை அடியில் விட்டுத் திரியின் நுனியை அதில் ஒட்டி, மேல்நுனியைக் கிளாசின் வாயில் குறுக்காக வைத்த இரண்டு ஈர்க்குச்சிகளுக்கு நடுவே இறுக்கினால் திரி நிமிர்ந்து நிற்கும். மெழுகு ஏறக்குறைய 70 டிகிரிக்குத் தணிந்ததும், அதாவது பாத்திரத்தின் ஓரத்தில் மெல்லிய ஏடு படியத் தொடங்கும்போது, மெதுவாக ஊற்ற வேண்டும். பிறகு கிளாசை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மேலே பழைய கம்பளியைப் போர்த்திவிட வேண்டும். மறுநாள் திரியைச் சுற்றிக் குழி விழுந்திருந்தால் சிறிது மெழுகை உருக்கி அதை நிரப்பலாம். யூகலிப்டஸ் தைலத்தை இதில் கலக்கச் சொல்வோர் உண்டு. எளிதில் தீப்பற்றும் அந்த எண்ணெயைச் சூடான மெழுகில் கலக்க நான் துணியமாட்டேன், தேன்மெழுகின் சொந்த வாசமே எனக்குப் போதும். மெழுகு அடியில் ஒரு விரற்கடை அளவு இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும் என்பதைப் பெறுபவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையேல் கிளாஸ் வெடிக்கக்கூடும்.

இனிக் களிம்பு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், கோத்தகிரியில் ஆண்டின் பெரும்பகுதியில் அது கட்டியாகவே இருக்கும். ஆகவே மலையில் இருப்பவருக்குச் செய்யும்போது நல்லெண்ணெயையே விரும்புகிறேன். 10 கிராம் மெழுகுக்கு 50 முதல் 60 கிராம் எண்ணெய் சேர்த்தால், இங்குள்ள குளிரிலும் விரலில் எளிதாக எடுக்க வரும். அதே களிம்பு கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போவதானால் எண்ணெயை 30 முதல் 40 கிராமாகக் குறைக்க வேண்டும். மெழுகு முழுவதும் உருகிய பின் எண்ணெயைச் சேர்த்துக் கலக்கி, ஒரு கரண்டியில் சில துளிகளை ஆறவைத்துப் பதம் பார்க்கலாம். சமவெளிக்கான பதத்தை அறிய நான் கண்டுபிடித்த வழி மிக எளியது: சிறு மூடியில் கொஞ்சம் களிம்பை ஊற்றி இறுகவைத்து, தாளில் சுற்றிச் சட்டைப்பையில் அரை மணி நேரம் வைத்திருந்தால், உடம்புச் சூட்டில் அது உருகுகிறதா, நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். டப்பாவில் ஈரம் இருந்தால் களிம்பு பூஞ்சை பிடிக்குமாதலால், ஆடி மாத மழையில் டப்பாக்களை அடுப்பருகே வைத்து நன்றாக உலர்த்திய பின்னரே நிரப்ப வேண்டும்.

பொட்டலம் கட்டப் பழுப்புக் காகிதமும் சணல் கயிறும் போதும். தேயிலைத் தோட்டச் சரிவுகளில் வளரும், அடிப்பக்கம் வெண்பொடி பூத்த பெரணி இலையைப் பிள்ளைகள் கையில் வைத்து அடித்து அச்சுப் பதிப்பார்கள். அதே இலையைக் காகிதத்தின் மேல் அழுத்தினால் அழகான வெள்ளைப் பதிவு விழும். தொட்டால் அழிந்துவிடும் என்பதால், கையில் கொடுப்பதற்குச் சற்று முன்புதான் பதிக்க வேண்டும்.

மெழுகுவத்தியோடு ஒரு சிறு சீட்டையும் வைப்பது என் வழக்கம். குளிரில் சில வாரங்கள் இருந்த தேன்மெழுகின் மேல் மெல்லிய வெண்படலம் பூக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்து ஒருவர் தூக்கியெறிந்ததும் உண்டு. அந்தப் படலம் மெழுகிலிருந்தே வருவதென்றும், மெல்லிய துணியால் துடைத்தால் பழைய மஞ்சள் நிறம் திரும்பிவிடுமென்றும் சீட்டில் எழுதிவிடுவேன்.